பாம்பின் மேல் போட்ட பழி

1

புலி மானைக் கொல்வதும், கோழிக்குஞ்சு பருந்தின் நிழலைக் கண்டு ஒடுங்குவதும், கடல் எழும்பி ஊரை அள்ளிக்கொண்டு போவதும் ஆதாம் ஏவாள் செய்த பாவத்தின் விளைவுகள். அதற்கு முன்னர் இயற்கையிலே சாவும் இல்லை, பயமும் இல்லை என்றொரு போதனை எங்கள் பக்கத்துச் சபைகளில் இன்றும் நடைபெற்று வருகிறது. புதிதாக முளைத்த ஜெபக்கூடங்களில் மாத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். நூற்றைம்பது, இருநூறு வருடப் பழமையுள்ள கோயில்களின் ஞாயிறு பாடசாலைகளிலும் இதுவே முதற்பாடம்.

நானும் அந்தப் பாடத்தைப் படித்த கிறிஸ்தவன்தான். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, வடமராட்சிக் கிராமமொன்றில் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். இந்தப் போதனை உண்மைக்குப் புறம்பானது. கிறிஸ்தவ வேதத்துக்கே மாறானது. இன்றைய குடாநாட்டுக்கு நேரடியாகத் தீங்கு செய்வது. இம்மூன்றும் எனது கட்சி. இதனைச் சுருக்கமாக எழுதி ஒரு சபை ஏட்டுக்கு அனுப்பினேன். “விசுவாசிகள் குழம்பிப் போவார்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழம்பட்டும். குழம்பிய நீர்தான் தெளியும்.

உங்கள் வீட்டுச் சண்டையை எங்கள் முற்றத்தில் ஏன் போடுகிறீர்கள் என்று இவ்வேட்டின் வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2004 டிசெம்பர் 26இன் பின்னர் இந்த நாட்டில் எந்த மதத்தவர் வாயும் சும்மா இருக்கவில்லை. கிறிஸ்தவர் சிலர் அது ஆண்டவரின் கோபம் என்றார்கள். களுத்துறைக் கரையில் பின்வாங்கிய அலையின் செய்மதிப் படத்தில் அறபெழுத்து தெரிகிறது என்று இஸ்லாமியர் சிலர் பிரதி எடுத்து விநியோகித்தார்கள். சைவர்களும் பௌத்தர்களும் கர்மவினைக்குக் கணக்குப் பார்த்தார்கள். செத்தவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல். அத்தனை பிணங்களுக்கும் மேலே நின்றுகொண்டு ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினோம். ஆகவே இது ஒரு வீட்டுச் சண்டை அல்ல. என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன், அவ்வளவுதான்.

2

பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற விசுவாசி முதலில் தன் கிணற்றை எட்டிப் பார்க்கட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, மலையில்லை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். மயோசீன் காலத்துக் கல் என்று புவியியல் புத்தகங்கள் சொல்லும். ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல் அது. அந்தக் கல் எதனால் ஆனது? கடலில் வாழ்ந்து செத்த சிப்பி, சங்கு, முருகை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஆகியவற்றின் ஓடுகளால் ஆனது. அவை செத்துச் செத்து அடித்தளத்தில் படிந்து, இறுகி, பின்னர் கடல் விலக நிலமாயிற்று. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் நாம் குடிக்கிறோம். அதைத்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். வீட்டுச் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பும் அதுவே. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நிற்கும்வரை அரைத்ததும் அதுவே.

மனிதன் தோன்றுவதற்குக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே செத்துப்போன உயிர்களின் மேல் குடியிருந்துகொண்டு, மனிதன் பாவம் செய்யும்வரை எதுவும் சாகவில்லை என்று சொல்கிறோம். அந்தச் சாவு இல்லாவிட்டால் குடாநாடே இல்லை. கோயில் கட்ட நிலமும் இல்லை, ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீரும் இல்லை.

இதைச் சொன்னால் “விஞ்ஞானத்தைக் கொண்டு வேதத்தை அளக்கிறாயா?” என்று கேட்கிறார்கள். அளக்கப் பழக்கியவர்கள் யார்? அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அங்கே வானசாஸ்திரம் படிப்பித்தார்கள். கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று கணித்துக் காட்டி, உள்ளூர்ப் பஞ்சாங்கத்தையும் இராகு கேதுக் கதையையும் மாணவர் முன்னிலையில் மறுத்தார்கள். இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அயலவன் புராணத்தை விசாரித்தவர்களின் வாரிசுகள் நாங்கள். அதே சாட்சி எங்கள் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கும்போது, அதன் வாயைப் பொத்துவது என்ன நேர்மை?

3

கல் பழைய சாட்சி. உயிருள்ள சாட்சிகளும் உண்டு.

வீட்டு வளையில் மண்கூடு கட்டும் குளவியைத் தெரியாதவர் இல்லை. அது ஒரு புழுவைப் பிடித்துவந்து கூட்டுக்குள் அடைக்கும். சில நாட்களில் குளவியொன்று கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன்னைப்போல ஆக்கிவிடுகிறது என்று எங்கள் முன்னோர் நினைத்தார்கள். குருவருள் சீடனை மாற்றுவதற்கு உவமையாக அதைச் சொன்னார்கள். அழகான உவமைதான். ஆனால் கூட்டுக்குள் நடப்பது வேறு. குளவி புழுவைக் கொல்வதில்லை, கொட்டி அசைவற்றதாக்குகிறது. கூட்டில் தன் முட்டையை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குடம்பி, உயிரோடு கிடக்கும் புழுவைத் தின்று வளர்கிறது. புழு கெட்டுப்போகாமல் இருப்பதற்காகவே அது சாகாமல் வைக்கப்படுகிறது.

இப்படியான குளவிகளைப் பார்த்துத்தான் டார்வின் தடுமாறினார். இரக்கமுள்ள கடவுள் வேண்டுமென்றே இதைப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று 1860 மே மாதத்தில் தன் அமெரிக்க நண்பர் ஆசா கிறேக்கு எழுதினார். கிறே தாவரவியலாளர், பக்தியுள்ள கிறிஸ்தவர். டார்வினின் கேள்வியை நான் மதிக்கிறேன். அது கண்ணைத் திறந்துகொண்டு கேட்ட கேள்வி.

எங்கள் போதகர்களின் விடை என்ன? “கடவுள் அப்படிப் படைக்கவில்லை, பாவத்தால் அப்படி ஆயிற்று.” சரி, அதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். குளவிக்குக் கொடுக்கு பாவத்தின் பிறகு முளைத்ததா? புடையனுக்கு நச்சுப்பையும் துளையுள்ள பல்லும் எப்போது வந்தன? ஆந்தையின் சிறகு சத்தமில்லாமல் அடிப்பதும், முயலின் கண் பக்கவாட்டில் இருந்து பின்னால் வருவதையும் பார்ப்பதும் எதற்காக? கொல்லவும் தப்பவுமாகவே இந்த உடல்கள் அமைந்திருக்கின்றன. சாவும் பயமும் பின்னால் வந்தவை என்றால், கடவுள் உலகத்தை இரண்டாம் முறை படைத்திருக்கவேண்டும். அதுவும் ஒரு மனிதன் மேலுள்ள கோபத்தில், ஒரு குற்றமும் செய்யாத புழுவைத் தண்டிப்பதற்காக. கடவுளின் நல்ல பெயரைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

4

“வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது?” என்பது அடுத்த கேள்வி. இல்லை என்கிறேன்.

பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று ஆறுமுக நாவலர் வேதாகமத்தைத் தமிழாக்கிய ஊர் இது. வேதத்தைச் சொல் சொல்லாகப் பார்ப்பது எங்களுக்குப் புதிய பழக்கம் அல்ல. பார்ப்போம்.

ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பூண்டுகள் உணவாகக் கொடுக்கப்பட்டன என்று வருவது உண்மை. மற்றத் தரப்பின் பலமான வசனம் இதுதான். இதை வைத்து, ஏதேனில் சிங்கம் புல் தின்றது என்று நம்பியவர்கள் சபையில் இருந்திருக்கிறார்கள். மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லி, மனிதன் விழுந்தபோது மிருகங்களும் அவனோடு விழுந்தன என்று பிரசங்கித்தார். 1755இல் லிஸ்பன் நகரைப் பூகம்பமும் கடலும் அழித்தபோதும் அவர் பாவத்தைத்தான் காரணம் காட்டி எழுதினார். அது ஒரு வழக்கு.

ஆனால் அதற்கு ஐந்நூறு வருடங்களுக்கு முன்னரே இன்னொரு வழக்கும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் இந்தக் கேள்வியை நேரே எடுத்து விடை சொல்லிவிட்டார். மனிதன் பாவம் செய்ததால் மிருகங்களின் இயல்பு மாறவில்லை. இன்று இறைச்சி தின்னும் சிங்கமும் வல்லூறும் அன்று புல் தின்றிருக்கும் என்பது பொருத்தமற்றது என்றார். அக்குவைனாஸ் நாத்திகர் அல்லர். கத்தோலிக்க இறையியலின் தூண். டார்வினுக்கு அறுநூறு வருடம் முந்தியவர். ஆகவே, விஞ்ஞானத்துக்குப் பயந்து வேதத்தை வளைக்கிறோம் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

பவுல் ரோமருக்கு எழுதியதில் பாவத்தால் வந்ததாகச் சொல்வது மனிதருக்கு வந்த மரணத்தை. அதே நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்கிறார். பிரசவ வேதனை என்பது தண்டனைக் கைதியின் வேதனை அல்ல. ஒன்று பிறப்பதற்கான வேதனை. ஏசாயாவின் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாய்க் கிடக்கும் காட்சியைக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தால் அது ஏழைக்கு நீதி செய்யும் ஓர் அரசனைப் பற்றியது என்பது விளங்கும். அங்கே சொல்லப்படும் ஓநாய்கள் பெரும்பாலும் இரண்டு காலில் நடப்பவை.

இவர்கள் வாசிக்காத பக்கங்களையும் சொல்லவேண்டும். 104ஆம் சங்கீதத்தில் சிங்கக்குட்டி இரைக்காகக் கர்ச்சிக்கிறது. யாரிடம் கேட்கிறது? கடவுளிடம். அது சாபம் என்று அங்கே ஒரு சொல் இல்லை. அது ஒரு துதிப்பாடல். யோபின் புத்தகத்தில் கடவுள் தாமே பேசுகிறார். சிங்கத்துக்கு இரை தேடிக் கொடுப்பதையும், காக்கைக்குஞ்சு பசியில் அலைவதையும், கழுகின் குஞ்சுகள் இரத்தம் குடிப்பதையும் தமது வேலையாகவே எண்ணிச் சொல்கிறார். பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த மனிதனுக்கு அவர் சொன்ன பதிலில் ஆதாமின் பெயர் இல்லை. யோபின் பாவமும் இல்லை. அது பாவத்தின் பலன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் யோபின் நண்பர்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வதும் அந்த நண்பர்களைத்தான்.

இயேசு என்ன சொன்னார்? பிதாவின் சித்தமில்லாமல் ஒரு அடைக்கலான்குருவியும் தரையில் விழாது என்றார். குருவியே விழாத உலகத்தைப் பற்றி அவர் பேசவில்லை. குருவி விழுகிறது. ஆனால் யாருமற்று விழுவதில்லை. இயற்கையின் சாவைப் பற்றி ஒரு கிறிஸ்தவன் சொல்லக்கூடியதும் சொல்லவேண்டியதும் இவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

5

சாபப் பிரசங்கத்துக்கு மாற்றாகப் படித்த போதகர்களிடையே இன்னொரு பிரசங்கம் கிளம்பியிருக்கிறது. யூன் 5ஆந் திகதி சுற்றாடல் தினத்தை அண்டி அதைக் கேட்கலாம். இயற்கை ஒரு தாய்மடி; எல்லாம் எல்லாவற்றோடும் அன்பாய் இணைந்திருக்கிறது; மனிதன் மாத்திரம் வன்முறையாளன். முடிவில் ஒரு மரக்கன்று நாட்டுவார்கள்.

இதையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலைத் தூக்கிக் காட்டுவார்கள். நல்ல மடல். அதன் பெயர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் பாடிய பாட்டிலிருந்து வந்தது. சூரியனைச் சகோதரன் என்றும் நீரைச் சகோதரி என்றும் அழைத்த அந்தத் துறவி, அதே பாட்டில் மரணத்தையும் சகோதரி என்று அழைத்தார். எங்கள் பசுமைப் பிரசங்கிகள் மற்ற உறவினர் எல்லோரையும் விருந்துக்கு அழைத்துவிட்டு, அந்த ஒரு சகோதரியை வாசலிலேயே மறித்துவிடுகிறார்கள்.

ஒருவர் சாவைச் சாபம் என்கிறார். மற்றவர் சாவே இல்லாததுபோல நடிக்கிறார். இருவரும் குளவிக்கூட்டைத் திறந்து பார்க்க விரும்பவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் நாளாந்தம் பார்க்கிறார்கள். கீரி கோழியைக் கொண்டுபோகிறது. பூனை அணிலோடு விளையாடிக் கொல்கிறது. ஆட்டுக்குட்டியை நாய் குதறுகிறது. கண்ணால் கண்டதைக் கோயிலில் மறைத்துப் பேசினால், பிள்ளை கண்ணை நம்புமா, கோயிலை நம்புமா? நம்பிக்கை இழந்த தலைமுறை என்று பிறகு அழுவதில் பயனில்லை.

6

இனிப் பயத்துக்கு வருகிறேன். இவ்விடயத்தில் சூழலியல் அண்மைக் காலத்தில் சொல்லியிருப்பவை இறையியல்காரர்களின் காதுக்கு எட்டவேண்டியவை.

2001இல் ஜோன் லோன்ட்ரே என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்கா பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓநாய்கள் அழிக்கப்பட்டிருந்த அந்தப் பூங்காவில் 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் ஓநாய்கள் விடப்பட்டன. ஓநாய் வந்த பகுதிகளில் கன்றுள்ள தாய் எல்க் மான்கள் மேய்வதைக் குறைத்துத் தலைநிமிர்ந்து பார்ப்பதைக் கூட்டின. பயத்துக்கும் ஒரு நிலப்படம் உண்டு என்றார்கள். எங்கே மேயலாம், எங்கே நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு விலங்கும் அந்தப் படத்தை மனதில் வைத்து நடக்கிறது.

2011இல் கனடாவில் லியானா சனெற் குழுவினர் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். பாடும் சிட்டுக்குருவிகளின் கூடுகளை வலையாலும் வேலியாலும் பாதுகாத்துவிட்டு, எதிரிகளின் சத்தத்தை மட்டும் ஒலிபரப்பினார்கள். ஒரு குஞ்சையும் எதிரி தொடவில்லை. ஆனாலும் அவ்வருடம் வளர்ந்த குஞ்சுகள் 40 வீதம் குறைந்தன. பயம் மாத்திரமே அவ்வளவு செய்யும்.

அதே ஆய்வாளர் உட்பட்ட குழு 2023இல் தென்னாபிரிக்காவின் குறூகர் பூங்காவில் நீர்நிலைகளுக்கு அருகே ஒலிபெருக்கி வைத்தது. சிங்கத்தின் உறுமல், நாய்க்குரைப்பு, துவக்குச் சத்தம் ஆகியவற்றோடு, மனிதர் சாதாரணமாக அமைதியாகக் கதைக்கும் குரலும் ஒலித்தது. சிங்கக் குரலுக்கு ஓடியதைவிட மனிதக் குரலுக்கு ஓடும் சாத்தியம் இரண்டு மடங்காக இருந்தது. யானையும் காண்டாமிருகமும்கூட அப்படியே. நாங்கள் திட்டவில்லை, சுடவில்லை. பேசினோம். அது போதுமாக இருந்தது.

ஆதியாகமத்தில் இதற்கு நேரான இடம் மூன்றாம் அதிகாரம் அல்ல, ஒன்பதாம் அதிகாரம். வெள்ளம் வடிந்தபின் நோவாவிடம் கடவுள் இறைச்சி தின்ன அனுமதி கொடுக்கிறார். இனி எல்லா உயிர்களிடத்திலும் உங்களைப் பற்றிய அச்சம் இருக்கும் என்கிறார். இயற்கையில் உள்ள எல்லாப் பயத்தையும் அங்கே சொல்லவில்லை. மனிதனைப் பற்றிய பயத்தை மாத்திரம் சொல்கிறார். அந்த வசனத்தை எழுதியவன் கவனித்துத்தான் எழுதியிருக்கிறான்.

அல்குர்ஆனிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. எறும்பின் பெயரைக் கொண்ட 27ஆம் அத்தியாயத்தில் சுலைமான் நபி (அலை) படையோடு வருகிறார். ஓர் எறும்பு மற்ற எறும்புகளுக்கு எச்சரிக்கை சொல்கிறது: வீடுகளுக்குள் போய்விடுங்கள், அவர்கள் அறியாமலே உங்களை மிதித்துவிடுவார்கள். அறியாமலே என்ற சொல்லில் எவ்வளவு நியாயம்! அரசர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். நன்றியுள்ளவனாய் நல்லதைச் செய்ய வரம் கேட்கிறார். பஸ்றாவில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழு, மிருகங்கள் மனிதனுக்கு எதிராக ஜின்களின் அரசனிடம் வழக்கு வைப்பதாக ஒரு நீண்ட கதையே எழுதிற்று. மனிதனின் பெருமைகள் பலவற்றை மிருகங்கள் மறுத்துவிடுகின்றன. உங்கள் மரபில் இருக்கும் இந்தச் செல்வத்தை எங்கள் போதகர்கள் வாசிக்கவேண்டும். உங்கள் போதகர்களும்தான்.

இதைப் புரிந்துகொள்ளக் குறூகர் வரை போகவேண்டியதில்லை. உழவு இயந்திரத்தின் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் புழு பொறுக்கும் உண்ணிக்கொக்கு, துவக்கும் கண்ணியும் பழகிய நீரேரிக்கரையில் ஆளின் தலை தெரிந்ததும் எழும்பிவிடும். அதே இனம், அதே மனிதர். தரம் 8 பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். இந்த வித்தியாசத்துக்கு ஆதாம் பொறுப்பா என்று கேட்டால், ஒரு பிள்ளையும் ஓம் சொல்லவில்லை.

7

இனித்தான் முக்கியமான விடயம். ஆதாம் மேலும் பாம்பு மேலும் பழியைப் போடுவதால் யாருக்கு இலாபம்?

பாடசாலை வளவுக்குள் வந்த சாரைப்பாம்பு ஒன்றைப் பெடியன்கள் அடித்துக் கொன்றார்கள். சாரைக்கு விஷமில்லை, எலி பிடிக்கும். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். பாம்பு சாத்தான், கண்ட இடத்தில் தலையை நசுக்கவேண்டும் என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னார்களாம். அதே வேதத்தில் மோசே வெண்கலப் பாம்பை உயர்த்தி ஜனங்களைக் காப்பாற்றியதும், இயேசு தம்மை அந்தப் பாம்புக்கு ஒப்பிட்டதும் அந்தக் கூட்டத்தில் சொல்லப்படவில்லை. புடையனுக்கும் சுருட்டைக்கும் பயப்படத்தான் வேண்டும். அந்தப் பயம் உயிரைக் காக்கும். பயத்தைப் பகையாக்குவதுதான் கேடு. 2024 டிசெம்பரில் வடமராட்சி உட்படக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவிச் சனம் செத்தது. பாம்பை அடித்ததால்தான் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளமும் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எலி பெருகும் ஊரில் எலிபிடிப்பவனைச் சாத்தான் என்று கொல்வது பக்தியும் அல்ல, புத்தியும் அல்ல.

அடுத்தது சுனாமி. கடலடித் தட்டு அசைந்தது, அலை வந்தது. ஆதாமுக்கு முன்னரும் தட்டுகள் அசைந்தன. அதில் பாவம் இல்லை. ஆனால் அலை எங்கே எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதில் பாவம் இருந்தது. தெற்கே பெரலியவில் சட்டவிரோதமாக முருகைக்கல் உடைத்தெடுத்த கரையில் அலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே வந்தது, ரயிலையே புரட்டிற்று. முருகைப்பாறை காக்கப்பட்ட அயற்கரையான ஹிக்கடுவையில் ஐம்பது மீற்றரோடு நின்றது. யாலப் பக்கத்தில் கடல் தெரியவேண்டும் என்று மணல்மேட்டை வெட்டிய இடத்தில் கட்டடம் அடியோடு போயிற்று. மேடு இருந்த பக்கங்கள் தப்பின. சர்வதேச ஆய்வாளர்கள் 2005இலேயே இவற்றை அளந்து எழுதிவிட்டார்கள். எங்கள் பிரசங்கங்களில் ஒன்றிலாவது முருகைக்கல் என்ற சொல் வந்ததா? மிருகங்கள் முன்னறிந்து தப்பின என்ற கதை மாத்திரம் எல்லாப் பிரசங்கங்களிலும் வந்தது. யாலவில் செய்மதிப்பட்டி கட்டியிருந்த யானைகளின் நடமாட்டத்தைப் பார்த்தவர்கள், அப்படி ஓடியதற்கு அடையாளம் இல்லை என்று 2006இல் எழுதியது யாருக்கும் தேவைப்படவில்லை.

மணற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். பழைய அந்தோனியார் கோயிலை மூடிய மணல் அங்கே குன்று குன்றாகக் கிடந்தது. சுனாமி அடித்த அதே வடமராட்சி கிழக்கில் இன்றும் இரவிரவாக மணல் அள்ளுகிறார்கள். அள்ளுபவர்களில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆதாமின் பாவத்தைப் பிரசங்கித்தால் நிம்மதியாய் ஆமென் சொல்வார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய மணலைப் பற்றிப் பிரசங்கித்தால்?

கடலிலும் இதே கதைதான். மீன் மீனைத் தின்பது படைப்பின் ஒழுங்கு. இழுவைமடி அடித்தளத்தையே வழித்துக்கொண்டு போவதும், தங்கூசி வலை அறுந்து மிதந்து யாருக்கும் பயனின்றிக் கொன்றுகொண்டிருப்பதும் படைப்பின் ஒழுங்கு அல்ல. இழுவைமடியை இந்நாட்டில் 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பாக்கு நீரிணையில் அது இன்னும் ஓடுகிறது. எந்தச் சாவு இயற்கையினது, எந்தச் சாவு எங்களுடையது என்று பிரித்தறிய வேண்டும். நெடுந்தீவுக் குதிரைகள் வறட்சியில் தண்ணீரின்றிச் சாகும்போது, “இயற்கை அப்படித்தான்” என்று பசுமைப் பிரசங்கியும் சொல்லமுடியாது; “ஆதாம் பாவம்” என்று மற்றவரும் சொல்லமுடியாது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து விட்டுப்போன குதிரைகள் அவை. கடல் சூழ்ந்த தீவில் அவற்றுக்குத் தண்ணீர் வைப்பது இருப்பவர்களின் கடமை.

இதையெல்லாம்விட ஒன்று என்னை எழுத வைத்தது. சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் எங்கள் பக்கத்தில் இருக்கிறா. ஜெபிக்க வந்தவர்கள், “உங்கள் வீட்டில் என்ன பாவம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள், அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருபது வருடமாக அவ யோசித்துக்கொண்டிருக்கிறா. கல் உடைத்தவனும் மணல் அள்ளியவனும் ஒரு நாளும் யோசிக்கவில்லை. பிழையான இறையியல் செய்யும் வேலை இதுதான். குற்றமற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, குற்றவாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

8

எனது முடிவைத் திரட்டிச் சொல்கிறேன். சாவும் பயமும் படைப்போடு கூடவே வந்தவை. அவை சாபம் அல்ல, இனிமையானவையும் அல்ல. குளவிக்கூட்டுக்கு என்னிடம் சமாதானமான விடை இல்லை, யோபுக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொள்வது யோபு செய்த காரியம், அதை நாமும் செய்யலாம். ஆனால் படைப்பிலுள்ள பயத்துக்கு மேல் நாம் கூட்டிவைத்த பயமும், சாவுக்கு மேல் நாம் ஏற்றிவைத்த சாவும் வேறு. அதற்குப் பெயர் பாவம். அந்தப் பாவத்துக்கு ஆதாம் வேண்டியதில்லை. எங்களில் யார் என்று ஊருக்கே தெரியும்.

டி. ரி. நைல்சும் பேராயர் குலேந்திரனும் பிறந்து உலகத்துக்கு இறையியல் பேசிய மண் இது. இரவல் துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்த்து வாசிக்கும் நிலைக்கு நாங்கள் இறங்கவேண்டிய அவசியம் இல்லை. வருகிற டிசெம்பர் 26இல் உடுத்துறை நினைவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றும் குருமார் ஒரு காரியம் செய்யட்டும். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை மூடிவைத்துவிட்டு யோபு 38ஐயும் 39ஐயும் உரக்க வாசிக்கட்டும். அதன்பிறகு மணல், முருகைக்கல், இழுவைமடி, தங்கூசி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லட்டும். வந்திருக்கும் தாய்மாரைப் பார்த்து, உங்கள் பிள்ளைகள் உங்கள் பாவத்தால் சாகவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லட்டும். மௌலவிமாரும் ஐயர்மாரும் பிக்குமாரும் தங்கள் தங்கள் இடத்தில் இதையே சொன்னால் இன்னும் நல்லது.

பாம்பையும் விட்டுவிடுங்கள். எலி பிடிக்க அதற்கு வேலை இருக்கிறது.